மின்டில் (நாணயச்சாலையில்) நேர்ந்த பிழையா, வெளியில் பட்ட அடியா? எரர் காசுகள் பற்றி ஒரு இழை

கேள்வி (பிப்ரவரி 4, 2023)

பழைய சில்லறை டப்பாவைக் கொட்டிக் கிளறியபோது இது அகப்பட்டது. தலைப்பக்கத்தில், உருவத்தின் மேலேயே, எழுத்துகள் இடவலம் மாறி உள்ளே குழிந்து கிடக்கின்றன. கண்ணாடியில் காட்டினால் நேராகப் படிக்க முடிகிறது. இது பிராக்கேஜ்தானே? தேடிப் பார்த்த படங்களும் இப்படித்தான் இருக்கின்றன. இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன். பின்னால் கிடப்பவை அதே டப்பாவில் இருந்த மற்ற காசுகள், அவற்றைக் கண்டுகொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 4, இரவு

இடவலம் மாறியிருக்கிறது, குழிந்தும் இருக்கிறது. இரண்டும் பிராக்கேஜுக்குப் பொருந்தும். அடித்து முடித்த காசு வெளியே விழாமல் ஒரு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லைக்கு (இன்னும் உருவம் பதியாத உலோக வட்டத்துக்கு) அந்தக் காசே அச்சாகிவிடும். மேடாக இருந்தது பள்ளமாக, வலம் இடமாகப் பதியும். உங்களுடையது அதுவாக இருக்கலாம். மறுபக்கத்தின் படத்தையும் எடையையும் போடுங்கள்.

பிப்ரவரி 5, காலை

நேற்றிரவு சொன்னது தவறு. படத்தைப் பெரிதாக்காமல் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எழுதிவிட்டேன்.

காரணம் கேட்டிருந்தீர்கள். காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வெளியே தெரியும் முகம் கீழச்சு அடித்த முகம். அடுத்த வில்லை நடுவில் வந்து உட்காருகிறது. கீழே அது கீழச்சின் உருவத்தை வழக்கம்போல வாங்கும். மேலே அதே உருவத்தைத் தலைகீழ்க் குழிவாக வாங்கும். ஆகவே முழு பிராக்கேஜில் இரண்டு பக்கத்திலும் ஒரே உருவம்தான் இருக்கும்: ஒன்று மேடு, இன்னொன்று இடவலம் மாறிய குழி. பூப்பக்கம் மேடாக இருந்தால் குழிவும் பூவேதான். தலை எங்கேயும் இருக்காது, ஏனென்றால் மேலச்சு அந்த வில்லையைத் தொடவே இல்லை.

உங்கள் காசில் தலை இருக்கிறது. நசுங்கிப்போய், எழுத்துகளுக்கு அடியில், ஆனால் இருக்கிறது. காசு முதலில் ஒழுங்காக அடிக்கப்பட்டு வெளியே வந்திருக்கிறது. பிறகு யாரோ இன்னொரு காசை அதன்மேல் வைத்து நெருக்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 5, மாலை

“நெருக்கியிருக்கிறார்கள் என்பதற்கு என்ன சாட்சி?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே சந்தேகம் வந்தபோது, மதிப்பில்லாத இரண்டு காசுகளை எடுத்துப் பட்டறை வைஸில் வைத்து இறுக்கிப் பார்த்தேன். அப்போது கண்டவை:

குழிவு ஒரே ஆழத்தில் விழாது. எதிர்க் காசில் உயர்ந்த இடங்கள் மட்டும் நன்றாகப் பதியும். அதன் விளிம்பு ஒரு வளைகோடாக விழும், நடுப்பகுதி மங்கலாக இருக்கும். இரண்டும் சற்று விலகி உட்கார்ந்தால் அந்த வளைகோடு பிறைபோல் தெரியும்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மறுபக்கம்தான். வைஸின் தாடை தொட்ட பக்கத்தில் மேடுகள் எல்லாம் சப்பையாகி, உச்சியில் தட்டையான பளபளப்பு வந்திருந்தது. தாடையில் இருந்த நுண்ணிய கீறல்கள்கூட அதில் பதிந்திருந்தன. மின்டின் அச்சு அடித்த மேட்டில் அப்படி ஒரு தட்டை மினுக்கம் வரவே வராது. நீங்கள் காலையில் போட்ட மறுபக்கப் படத்தில் அது இருக்கிறது. எழுத்துகளின் உச்சி, எண்ணின் மேல்முனை எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டியதுபோல் இருக்கின்றன.

அந்த இரண்டு காசுகளையும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்க்க வருபவர்களிடம் முதலில் காட்டுவது அவற்றைத்தான்.

பிப்ரவரி 7

பிழையா, சேதமா என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

நான் காசைக் கையில் எடுத்ததும் “இது எவ்வளவு விசித்திரம்” என்று பார்ப்பதில்லை. “இது எந்த நொடியில் நடந்திருக்கும்” என்று கேட்கிறேன். உலோகத் தகட்டில் இருந்து வில்லைகள் குத்தி எடுக்கப்படுகின்றன. அவை பதப்படுத்தும் உலை வழியாகவும், ஓரத்தை நெருக்கி விளிம்பை எழுப்பும் எந்திரம் வழியாகவும் போகின்றன. பிறகு வளையம்போன்ற காலருக்குள், இரண்டு அச்சுகளுக்கு நடுவே, ஒரே அடி. இன்றைய எந்திரங்களில் வேகமானவை நிமிடத்துக்கு 700 காசுகளுக்கு மேல் அடிக்கும். ஒரு காசின் பிறப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

அந்த வரிசையில் எங்காவது ஓரிடத்தில் உங்கள் காசின் குறையைப் பொருத்த முடிய வேண்டும். தகட்டில் குறை, வில்லையில் குறை, அச்சில் குறை, அடியில் குறை, இவ்வளவுதான். எங்கேயும் பொருந்தாமல் நின்றால் அது வெளியில் பட்டது. “எப்படியோ நடந்திருக்கலாம்” என்பது விளக்கம் ஆகாது. எந்திரத்துக்கு எப்படியோ என்று ஒன்று கிடையாது.

பிப்ரவரி 8

ஓரத்தில் கடித்தெடுத்ததுபோல் வளைந்த வெட்டு உள்ள காசின் படம் போட்டவருக்கு.

கிளிப் என்று சொல்வது இதைத்தான். குத்தும் கருவி முன்பு குத்திய துளையின் மேலேயே கொஞ்சம் ஏறி விழுந்தால், வில்லையின் ஓரத்தில் அந்தத் துளையின் வளைவு வந்துவிடும். வெட்டு வளைந்திருக்கிறது என்பது மட்டும் போதாது, அரத்தாலும் வளைவாக அராவலாம். வெட்டுக்கு நேர் எதிர்ப்புறம் உள்ள விளிம்பைப் பாருங்கள். விளிம்பு எழுப்பும் எந்திரம் வில்லையை இருபுறமும் நெருக்கித்தான் உருட்டுகிறது. ஒருபுறம் உலோகமே இல்லையென்றால் எதிர்ப்புறத்துக்கு அழுத்தம் கிடைக்காது, அங்கே விளிம்பு மங்கிவிடும். பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். அரம் பிடிப்பவர் வெட்டும் இடத்தைத்தான் நினைப்பார், எதிர்ப்புறத்தைத் தொடமாட்டார்.

உங்கள் காசில் எதிர்ப்புற விளிம்பு முழுசாக, திடமாக நிற்கிறது. வெட்டப்பட்டது.

பிப்ரவரி 9

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். “எதிர்ப்புறம் திடமாக இருக்கிறது, ஆகவே வெட்டப்பட்டது” என்று ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மிகச் சிறிய கிளிப்பில் அந்த மங்கல் கண்ணுக்குத் தெரியாமல் போவது உண்டு. பிளேக்ஸ்லி இருந்தால் பலமான ஆதரவு. இல்லாததால் மட்டும் ஒரு காசை ஒதுக்கக் கூடாது.

இரவு மீண்டும் உங்கள் படத்தைப் பார்த்தேன். வெட்டின் அருகே உள்ள எழுத்து பாதியில் கத்தரித்ததுபோல் நிற்கிறது. மெய்யான கிளிப்பில் அடி விழும்போது உலோகம் காலியான இடத்தை நோக்கி வழியும். அதனால் அருகில் உள்ள எழுத்து வெட்டை நோக்கி இழுபட்டு, மெலிந்து, வழுவழுவென்று முடியும். உங்களுடையதில் கூர்முனை இருக்கிறது, வெட்டு முகத்தில் இணை இணையாகக் கீறல்கள் இருக்கின்றன. முடிவு அதேதான், ஆனால் காரணம் இதுவாக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, இரவு

ஆண்டின் கடைசி எண் இல்லாத காசு: அச்சின் குழியில் எண்ணெயும் உலோகத்தூளும் அடைத்துக்கொண்டால் அந்த எழுத்து பதியாது. அப்படி விட்டுப்போன இடம் சுற்றியுள்ள தளத்தோடு ஒன்றாக, அதே மினுக்கத்தோடு இருக்கும். சுரண்டி எடுத்திருந்தால் அங்கே மட்டும் பள்ளமோ வேறு நிறமோ கீறலோ தெரியும். விளக்கைச் சாய்வாகப் பிடித்துச் சுற்றுங்கள், ஒளி அந்த இடத்தில் தடுக்கிறதா என்று பாருங்கள்.

பிப்ரவரி 12

இரட்டை எழுத்து. இதை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், ஏனென்றால் இதில் எனக்கே ஒரு வலி உண்டு.

பதினோரு வருடம் ஒரு காசைத் தனி உறையில் வைத்திருந்தேன். ஆண்டும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரியும். டபுள் டை என்று எழுதியும் வைத்திருந்தேன். ஒருநாள் பத்து மடங்கு லென்ஸில் பொறுமையாகப் பார்த்தபோதுதான் அந்த இரண்டாவது உருவம் ஒரு படிக்கட்டுபோல் தட்டையாக, தளத்தை ஒட்டி இருப்பது உறைத்தது.

நடப்பது இதுதான். அச்சு சற்றே தளர்ந்திருந்தால், அடி விழுந்த அடுத்த கணம் துள்ளி நகரும். அப்போது புதிதாக எழும்பி நிற்கும் எழுத்தின் பக்கவாட்டை அது தேய்த்து அமுக்கும். எழுத்தின் உடம்பில் இருந்தே ஒரு பகுதி படியாகச் சரிகிறது. அதனால் எழுத்து மெலியும். இதை இயந்திர இரட்டிப்பு என்கிறோம். மின்டுக்குள்ளேயே நடப்பதுதான், ஆனால் மிகச் சாதாரணம், சேகரிப்பில் இதற்கு மதிப்பு இல்லை.

உண்மையான டபுள் டையில் தவறு அச்சைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஒரு அச்சில் உருவம் முழுதாக ஏறத் தாய் அச்சைப் பலமுறை அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாம் முறை சற்றே திரும்பிப் போனால் அச்சிலேயே இரண்டு உருவம் வெட்டப்பட்டுவிடும். அந்த அச்சு அடிக்கும் எழுத்து தடிக்கும். இரண்டு உருவமும் உருண்டு, உயர்ந்து நிற்கும், எழுத்தின் மூலைகளில் பிளவு தெரியும். 1955ஆம் ஆண்டு அமெரிக்க ஒரு சென்ட்டில் எழுத்துகளும் ஆண்டும் வெறும் கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். 20,000 முதல் 24,000 வரை வெளியே போயிருக்கும் என்பது பொதுவான கணிப்பு. அதே 1955இல் தேய்ந்த அச்சால் அடிக்கப்பட்டு, கடைசி எண் மட்டும் லேசாக இரட்டித்துத் தெரியும் சென்ட்டுகளும் உண்டு. அவற்றை டபுள் டை என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம்.

மெலிந்ததா, தடித்ததா? இந்த ஒரு கேள்வியைப் பதினோரு வருடம் நான் கேட்கவில்லை. உறையில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே சரியானதை எழுதினேன். காசு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பிப்ரவரி 13

“மின்ட் குறி இல்லை, ஆகவே எரர்” என்று இன்று மட்டும் இரண்டு பதிவுகள். குறி போடாமலே காசு அடிக்கும் மின்டுகள் உண்டு. இந்தியக் காசில் மும்பைக்கு வைரம், ஹைதராபாதுக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்கு எதுவும் கிடையாது. அமெரிக்க ஒரு சென்ட்டில் பிலடெல்பியா தன் குறியைப் போட்டது 2017இல் மட்டும்தான்.

பிப்ரவரி 13, சற்று நேரம் கழித்து

அதே வகை: “காசைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கம் தலைகீழாக இருக்கிறது.” அமெரிக்கக் காசு இயல்பாகவே அப்படித்தான். பிரிட்டிஷ் காசு அப்படி இருக்கக் கூடாது. முதலில் அந்த நாட்டின் வழக்கம் என்ன என்று பாருங்கள். வழக்கத்தில் இருந்து நன்றாகத் திரும்பியிருந்தால், அது நம்பத்தக்க பிழைகளில் ஒன்று. அடித்து முடித்த காசின் ஒரு முகத்தை மட்டும் வெளியில் யாரும் சுழற்றிவிட முடியாது, இரண்டு காசுகளைக் கடைந்து ஒட்டினால் ஒழிய.

பிப்ரவரி 16

செம்பு நிறமாகிவிட்ட அமெரிக்கக் கால் டாலர் பற்றி.

அது மூன்றடுக்குக் காசு. நடுவில் செம்பு, இருபுறமும் செம்பு-நிக்கல் தோல். ஒருபுறத் தோல் அடிப்பதற்கு முன்பே உரிந்துபோனால் அந்தப் பக்கம் செம்பாகத் தெரியும். அழகான எரர், ஆசைப்படத்தான் தோன்றும். ஆனால் மண்ணில் புதைந்து கிடந்த காசும் செங்காவி நிறமாகத்தான் மாறுகிறது. கண்ணால் பார்த்துச் சண்டை போட வேண்டாம், தராசில் வையுங்கள். முழுக் காசு 5.67 கிராம். ஒரு தோல் போனால் கிட்டத்தட்ட 4.7 கிராம்தான் இருக்கும். நீங்கள் சொன்ன 5.64 முழுக் காசின் எடை. தோல் இருக்கிறது, கறை ஏறியிருக்கிறது.

சேகரிக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு. லென்ஸ் அதற்கு அடுத்துதான். கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும், தராசு அப்படிச் செய்யாது.

பிப்ரவரி 17

தராசு பற்றி இன்னொன்று. எடை குறைந்தாலே வேறு வில்லை என்றும் ஆகிவிடாது. அமிலத்தில் ஊறவைத்தால் காசு எல்லாப் பக்கமும் ஒரேபோல் கரைந்து மெலியும். எழுத்துகள் குழைந்து, தளம் சொரசொரப்பாகி, விட்டம்கூட குறையும். வேறு நாட்டு வில்லையில் அடித்தது என்று விற்பார்கள். மெல்லிய வில்லையில் மெய்யாக அடித்த காசில் எழுத்து மங்கலாக இருக்கலாம், ஆனால் தளத்தில் அடியின் மினுக்கம் இருக்கும். அமிலம் முதலில் தின்பது அந்த மினுக்கத்தைத்தான்.

பிப்ரவரி 19

1943ஆம் ஆண்டின் அமெரிக்கச் செம்புச் சென்ட் பற்றிக் கேட்டவருக்குச் சற்று நீளமாக.

போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு அமெரிக்கா சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எந்திரத்தில் தங்கிப்போய், அவற்றிலும் 1943 விழுந்துவிட்டது. மெய்யாகவே இருப்பவை மிகச் சில. போலிகளோ கணக்கில்லை. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசுவது முதல் வழி. காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டாவிட்டால் உடனே துள்ள வேண்டாம். இரண்டாவது வழி, 1948 வெண்கலச் சென்ட்டில் 8இன் இடப்பக்கத்தைச் செதுக்கி 3 ஆக்குவது. காசு வெண்கலம்தான், காந்தம் இழுக்காது, எடையும் 3.11 கிராம் சரியாக வரும். எண்ணின் வடிவம்தான் காட்டிக்கொடுக்கும். மெய்யான 1943இன் 3 வேறு வடிவம், கீழ்வால் நீளமாக இறங்கும். பக்கத்தில் ஒரு சாதாரண எஃகு 1943ஐ வைத்து எண்ணோடு எண் ஒப்பிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் முலாம் பூசியதை வாங்கிக்கொண்டு வந்து, கண்கள் மின்ன என் மேசைமேல் வைத்தார். காந்தத்தை எடுத்த என் கை தயங்கியது. ஒட்டிக்கொண்ட சத்தம் கேட்டதும் அவர் எதுவும் பேசவில்லை. அதன்பிறகு அவர் சேகரிக்கவே இல்லை. “பார்த்துக்கொள்ளட்டும், பணம் கட்டிக் கற்றுக்கொள்ளட்டும்” என்று இந்தப் பொழுதுபோக்கில் சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாதது அதனால்தான்.

பிப்ரவரி 20

நேற்றைய குறிப்பு போலிகளைப் பற்றியே போய்விட்டது. மெய்யானதை உறுதிப்படுத்தும் வழி ஒன்றும் உண்டு: உடன்பிறப்பு.

அச்சில் உள்ள குறை அந்த அச்சு அடிக்கும் ஒவ்வொரு காசிலும் வரும். 1937இல் டென்வர் மின்ட் அடித்த எருமை நிக்கலில் (எருமை உருவம் உள்ள அமெரிக்க ஐந்து சென்ட் காசு) மூன்று கால் எருமை இருக்கிறது. அச்சுகள் ஒன்றோடொன்று மோதிய தழும்பைப் போக்க அதிகமாகத் தேய்த்ததில் ஒரு முன்னங்கால் அழிந்துவிட்டது. சாதாரணக் காசில் காலைச் செதுக்கி எடுத்துப் போலி செய்கிறார்கள். ஆனால் மெய்யானதில் வயிற்றுக்குக் கீழே இருந்து தரை நோக்கி நுண்புள்ளிகள் வரிசையாக மேடாக இறங்கும். அதே அச்சின் அடையாளம் அது. செதுக்குபவரால் காலை எடுக்க முடியும், இல்லாத இடத்தில் புள்ளிகளை எழுப்புவது வேறு வேலை.

1922 சென்ட்டும் அப்படியே. அந்த ஆண்டு சென்ட் அடித்தது டென்வர் மட்டும்தான், ஆகவே டென்வரின் குறியான ‘டி’ இல்லாத காசு எல்லாமே பிழையோ மோசடியோதான். எந்த அச்சு இணை என்று பார்க்காமல் அதை யாரும் ஏற்பதில்லை.

மேடு, பள்ளம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அச்சில் விழுந்த விரிசலோ கீறலோ காசில் மேடாக வரும், ஏனென்றால் உலோகம் அந்தப் பிளவுக்குள் ஏறும். காசில் நேராக விழுந்த கீறல் பள்ளமாக இருக்கும், உழுத மண்போல இருபுறமும் உலோகம் ஒதுங்கி நிற்கும். எல்லாப் பள்ளமும் வெளிச்சேதம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சுக்கும் வில்லைக்கும் இடையே நூலோ கம்பித்துண்டோ சிக்கி அடிபட்டால் அதுவும் பள்ளம்தான், ஆனால் ஓரங்களில் உலோகம் ஒதுங்கி நிற்காது.

பிப்ரவரி 21

ஒரு விதிவிலக்கு. 1982இல் இருந்து அமெரிக்கச் சென்ட் செம்பு பூசிய துத்தநாகம், 2.5 கிராம். பூச்சுக்கு அடியில் காற்று தங்கிக் கொப்புளம் எழும். மேடாக இருப்பதால் அச்சு உடைப்பு என்று நினைக்கிறார்கள். மரக்குச்சியின் முனையால் மெல்ல அழுத்தினால் கொப்புளம் உள்வாங்கும், அச்சு உடைப்பு அசையாது. உங்கள் காசில் மட்டும் செய்து பாருங்கள், மற்றவருடையதில் வேண்டாம்.

பிப்ரவரி 22

இரு உலோகக் காசில் நடுவட்டம் திரும்பியிருக்கிறது என்ற படம். நடுவட்டமும் வளையமும் தனித்தனி வில்லைகளாக வந்து ஒரே அடியில்தான் பிணைகின்றன, உருவமும் அதே அடியில்தான் விழுகிறது. ஆகவே வளையத்தில் தொடங்கும் கோடு நடுவட்டத்தில் நேராகத் தொடர வேண்டும். உங்கள் காசில் கோடு உடைந்து, முப்பது பாகை தள்ளித் தொடர்கிறது. அடித்த பிறகு நடுவட்டம் கழற்றித் திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. சேரும் கோட்டில் மயிரிழை இடைவெளியும் சிராய்ப்பும் தெரியும், பாருங்கள். நடுவட்டம் மெய்யாகவே இடம்மாறி அடிபட்டிருந்தால், ஓர் உலோகம் மற்றதன்மேல் வழிந்திருக்கும், உருவம் அந்த வழிவின் மேலேயே அறுபடாமல் ஓடும்.

பிப்ரவரி 23

இரண்டு பக்கமும் தலை. பூவா தலையா போட்டால் தோற்கவே மாட்டீர்கள், ஆனால் பெரும்பாலும் அது மின்ட் செய்தது அல்ல. ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றைச் சிறிதாகக் கடைந்து உள்ளே பொருத்துகிறார்கள். ஒருபக்கம் விளிம்பின் உட்புறத்தில் சுற்றிலும் மெல்லிய பொருத்துக்கோடு இருக்கும், தட்டினால் மந்தமாக ஒலிக்கும்.

மின்டிலேயே அச்சு மாறிப் பொருந்துவது உண்டு. 2008இல் பிரிட்டிஷ் 20 பென்ஸில் ஆண்டு பூப்பக்கத்தில் இருந்து தலைப்பக்கத்துக்கு மாறியபோது, புதிய பூவோடு பழைய தலை அச்சைப் போட்டுவிட்டார்கள். ஆண்டே இல்லாத காசு வெளியே வந்தது. 2000இல் கால் டாலரின் தலையும் ஒரு டாலரின் பூவும் சேர்ந்து அடிபட்டன. இரண்டிலும் ‘எப்படி நடந்தது’ என்பதை நொடிவரை சொல்ல முடிகிறது.

பிப்ரவரி 24

துணி உலர்த்தும் எந்திரத்தின் இடுக்கில் மாட்டிச் சுழன்ற காசு: ஓரம் உள்நோக்கிச் சுருண்டு, விட்டம் குறைந்து, எழுத்துகள் விளிம்புக்குள் புதைந்திருக்கும். சிறிய வில்லையில் அடித்தது அல்ல. எடை சரியாகவே இருக்கும்.

பிப்ரவரி 26

முதல் கேள்வி கேட்டவருக்கு. இந்த இழையை மேலிருந்து மீண்டும் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் முதல் படத்தைப் பார்த்தேன். கண்டுகொள்ள வேண்டாம் என்றீர்களே, பின்னால் கிடக்கும் காசுகள். இடப்பக்கம் இரண்டாவது, பூப்பக்கம் மேலே தெரிகிறது, விளிம்பை ஒட்டி ஒரு திட்டு. அழுக்கா, ஈயமா, வேறு ஏதாவதா? அதே இடத்துக்கு நேர் பின்னால் தலைப்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் போடுங்கள்.

பிப்ரவரி 27

படத்துக்கு நன்றி. இதில் நான் அவசரப்படவில்லை, மூன்று தடவை பார்த்தேன்.

திட்டு விளிம்பில் இருந்து தொடங்கி உள்ளே வருகிறது. வழுவழுப்பாக, கொஞ்சம் உயர்ந்து, ஓர் எழுத்தைப் பாதி விழுங்கியிருக்கிறது. ஈயம் ஊற்றியிருந்தால் அந்த எழுத்து அடியில் முழுசாக இருக்கும், திட்டின் ஓரம் அதன்மேல் படிந்திருக்கும். இங்கே எழுத்து திட்டைத் தொடும் இடத்தில் உலோகம் ஒன்றாகவே ஓடுகிறது. தலைப்பக்கத்தில் நேர் பின்னால் விளிம்பும் இரண்டு எழுத்துகளும் மங்கியிருக்கின்றன. அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து விழுந்துவிட்டால், உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்ப ஓடும், எதிர் அச்சின் எழுத்தை நிரப்பப் போதாது. நொடி கிடைத்துவிட்டது. எடையும் சரியாக இருக்கிறது என்கிறீர்கள்.

இது ‘கட்’ (cud), அதாவது அச்சின் ஓரம் உடைந்ததால் காசில் எழும் திட்டு. சேகரிப்பவர்கள் அச்சு உடைப்பில் பெரிதும் விரும்புவது. டப்பாவுக்குள் திரும்பப் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம்.

மார்ச் 3

நேற்று இன்னோர் உறுப்பினர் தன்னிடம் உள்ள அதே வகைக் காசின் படத்தை இணைத்திருக்கிறார். திட்டு இல்லை, “சின்னக் கோடு மட்டும் இருக்கிறது, இதுவும் எரரா” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு படங்களையும் ஒரே அளவாக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். அவர் காசில் விளிம்பில் தொடங்கி, அதே எழுத்தின் நடுவே ஓடி, மீண்டும் விளிம்பில் முடிகிற மெல்லிய மேட்டுக்கோடு உங்கள் திட்டின் ஓரத்தோடு வளைவுக்கு வளைவு பொருந்துகிறது. அதே அச்சு. அவருடையது அடிபட்டபோது விரிசல் விழுந்திருக்கிறது, துண்டு இன்னும் விழவில்லை. அவருடையதுதான் மூத்தது.

இடைநிலையில் ஒன்று, துண்டு தளர்ந்து தொங்கும் நிலையில் அடித்தது, எங்காவது இருக்க வேண்டும். கோடு தடித்து, உட்புறம் லேசாக உயர்ந்திருக்கும். இதே காசு வைத்திருப்பவர்கள் விளிம்பை ஒருமுறை பாருங்கள், இருந்தால் படம் போடுங்கள்.